வீடியோ கேம்: பெருந்துறைக் கணக்கில் ஒரு வரலாறு

வீடியோ கேம் வரலாற்றைப் படத்தின் தெளிவை வைத்து எழுதுவதே வழக்கம். முதலில் கட்டம் கட்டமாக இருந்தது, பிறகு வண்ணம் வந்தது, பிறகு கதாநாயகனின் வியர்வைத் துளிகூடத் தெரிந்தது என்று அது போகும். கொங்கு நாட்டில் எந்தத் தொழிலையும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. காசு யார் கையிலிருந்து, எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதே அங்கே முதல் கேள்வி. பெருந்துறை கொப்பரை ஏலத்துக்குப் பொருந்தும் அந்தக் கேள்வி வீடியோ கேமுக்கும் பொருந்துகிறது. திரையில் பாதி மாற்றங்கள் அதற்கான பதிலாகத்தான் வந்தவை.

1972-ல் அமெரிக்காவின் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் அட்டாரி நிறுவனம் 'பாங்' இயந்திரத்தை வைத்தது. இரண்டு கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைத் தட்டி எதிராளி பக்கம் அனுப்ப வேண்டும். சில நாளிலேயே இயந்திரம் நின்றுவிட்டதென்று அழைப்பு வந்தது. அதை உருவாக்கிய ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே பழுது எதுவும் இல்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது. பவர்லூம் வைத்திருப்பவர்கள் நூல் விலையால் ஓட்டம் நின்று பார்த்திருக்கிறார்கள், கரண்ட் போய் நின்று பார்த்திருக்கிறார்கள். இந்தக் காரணத்தால் நின்றதாக இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை.

காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு ஒரே ஒரு தர்மம்தான்: ஆடுபவன் சீக்கிரம் சாக வேண்டும். அவன் செத்தால்தான் அடுத்த காசு விழும். 1978-ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகளைச் சுடச்சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமாக ஓடிவந்தார்கள். இது திட்டமிட்டுச் செய்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் சிப் தானாகவே வேகமெடுத்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். நன்றாக ஆடுபவனுக்குத் தண்டனை என்னும் கொள்கை அன்றைக்குத் தொழிலில் நிலைபெற்றது.

அடுத்தது வீட்டுப் பெட்டியில் செருகும் கேசட்டின் காலம். காசை மொத்தமாக முன்பே வாங்கிவிட்டால் ஆடுபவன் செத்தாலும் பிழைத்தாலும் கவலையில்லை. இந்தத் தைரியத்தில் 1982-ல் அட்டாரி, 'ஈ.டி.' திரைப்படத்தை ஐந்தே வாரத்தில் ஆட்டமாகச் செய்து, கேசட்டை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். 1983-ல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காத சரக்கை லாரியில் ஏற்றி நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் குழிதோண்டிப் புதைத்தார்கள். ஈரோட்டு வட்டாரத்தில் விலை வரும்வரை மஞ்சளை நிலத்தடிக் குழியில் போட்டு மூடி வைப்பது பழைய வழக்கம். அட்டாரிக்கு அப்படி ஒரு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் 2014-ல் குழியைத் திறந்து எடுத்த கேசட்டுகளில் ஒரு பகுதியை அந்த ஊர் நிர்வாகம் ஏலம் விட்டபோது மொத்தம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வந்தது. சரக்கு எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் அவசரப்பட்டு விற்கக் கூடாது என்று சொல்லும் மஞ்சள்காரர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

சரிந்த சந்தையைத் தூக்கி நிறுத்தியது ஜப்பானின் நின்டெண்டோ. 1983-ல் அது வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியும், 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டமும் உலகெங்கும் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தன. கொங்கு நாட்டுக்கு அவை வந்தது தொண்ணூறுகளில். பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகளாக, மீடியா போன்ற பெயர்களில் வந்தன. சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஈரோட்டில் ரயிலிறங்கியவர்கள் அநேகம். நின்டெண்டோவுக்கு அந்த நகல்களால் ஒரு பைசா போகவில்லை.

கூடவே வந்த மஞ்சள் கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. வாழ்நாள் முழுக்க ஆடினாலும் தீராதென்று நம்பி வாங்கினால், உள்ளே இருப்பவை மரியோ, கான்ட்ரா, வாத்துச் சுடுவது, டாங்கி, ரோட் ஃபைட்டர் என்று கைவிரலில் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் அதே மரியோ வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்குவது, அதே கார் வேறு வேகத்தில் ஓடுவது. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊத வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுத் தொடுமுனை அரித்துப்போகும் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. உண்மையில் வேலை செய்தது ஊதல் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியது. இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஊதுவதற்கென்றே கைராசிக்காரன் ஒருவன் இருந்தான்.

கான்ட்ராவில் 30 லைஃப் எடுக்கும் 'மேல மேல கீழ கீழ' ரகசியம் பள்ளிப் பாடங்களைவிட வேகமாகப் பரவியது. அதன் மூலவர் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தைச் சோதித்தபோது அது தனக்கே கடினமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை வைத்தார். அது ஆட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. தேர்வுத் தாள் தயாரித்தவரே பிட்டையும் அச்சடித்து விநியோகித்ததாக வரலாற்றில் வேறு சான்று அரிது.

வீடியோ கேமுக்குத் தமிழக அரசுகள் செய்த உதவி, அவற்றின் சாதனைப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் வழங்கப்பட்டன. வீட்டில் இரண்டாவது டிவி வந்ததும், சீரியலா கான்ட்ராவா என்ற நெடுநாள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் மாணவர்களின் கல்விக்காக வந்தது. மாணவர்கள் முதலில் கற்றுக்கொண்டது 'வைஸ் சிட்டி'யில் கார் திருடுவதை.

இந்த இரண்டுக்கும் நடுவில் பிரவுசிங் சென்டர் காலம் ஒன்று உண்டு. பெருந்துறையைப் போலப் பொறியியல் கல்லூரி இருக்கும் ஊர்களில் அது செழித்தது. அங்கே ஆட்டத்துக்கு விலை இல்லை, மணிக்குத்தான் விலை. அந்தக் கடைகளின் செல்லப்பிள்ளை 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' நார்வே நாட்டு இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி 2000-ல் வெளிவந்த அந்த ஆட்டத்தில், பணியின் நடுவே சேவ் செய்யும் வசதி கிடையாது. வேலி தாண்டி, கேமரா தாண்டி, கடைசிக் கதவருகே செத்தால் மறுபடி முதலிலிருந்து. இதனால் மணிக்கணக்கு நீண்டது, கடைக்காரர் வாழ்ந்தார். பிறகு 2012 வாக்கில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு வந்தது. நார்வேக்காரர்கள் தமிழ்நாடு மின்வாரியத்தைக் கணக்கில் கொண்டு ஆட்டம் செய்திருக்கவில்லை. வெற்றிக்கு ஐந்து நிமிடம் முன்பு கரண்ட் போனால் அந்த நேரத்துக்குக் காசு உண்டா இல்லையா என்பது, ஊருக்கு ஊர் வேறுபட்ட சட்டப் பிரச்சினையாக இருந்தது.

காசே கேட்காத ஆட்டங்களும் இருந்தன. நோக்கியா 6110 போனில் 1997-ல் டனேலி அர்மான்டோ வைத்த பாம்பு, விளம்பரமும் காட்டாமல், எதையும் விற்காமல், தன் வாலைக் கடித்துச் செத்தது. விண்டோஸில் 1990 முதல் வந்த சாலிடேர் சீட்டாட்டத்தை எழுதியவர், மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி. அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. மவுஸைப் பிடித்து இழுக்கப் பழக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. அலுவலகங்களில் பலர் ஓய்வு பெறும்வரை பழகினார்கள்.

2009-ல் 'ஃபார்ம்வில்' வந்தது. ஃபேஸ்புக்கில் நிலம் உழுது, விதைத்து, குறித்த நேரத்தில் அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும் ஆட்டம். 2010-ல் அதை மாதம் 8 கோடிப் பேர் ஆடினார்கள். கீழ்பவானிப் பாசனப் பகுதியில் இதன் விளைவு விசித்திரமானது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில்தான் வரும் என்பதால் அப்பா கிணற்று மோட்டார் போட விழித்திருப்பார். நாலு மணி நேரப் பயிரான ஸ்ட்ராபெரி வாடிவிடும் என்பதால் மகன் விழித்திருப்பான். ஒரே வீட்டில் இரண்டு விவசாயிகள். வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்க வேண்டியிராதவன் மகன் மட்டும். தொழில் இங்கே புதிதாகக் கண்டுபிடித்த சரக்கு பொறுமையின்மை: காத்திருக்க முடியாதவன் காசு கட்டலாம். 2012-ல் வந்த 'கேண்டி கிரஷ்' இதை இன்னும் சுத்தமாகச் செய்தது. லைஃப் ஐந்து, தீர்ந்தால் ஒன்று திரும்ப அரைமணி நேரம், அல்லது பணம். அதைச் செய்த கிங் நிறுவனம் 2016-ல் 590 கோடி டாலருக்கு விலைபோனது. அதை வாங்கிய ஆக்டிவிஷன் பிளிசார்டை 2023-ல் 6,870 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, சாலிடேரைச் சும்மா கொடுத்த அதே மைக்ரோசாஃப்ட்.

இதற்கெல்லாம் மேலான கண்டுபிடிப்பு ஒரு குதிரைக் கவசத்தில் தொடங்கியது. 2006-ல் பெத்தெஸ்டா நிறுவனம் தன் 'ஆப்லிவியன்' ஆட்டத்துக் குதிரைக்கு இரண்டரை டாலரில் ஒரு கவசம் விற்றது. ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் உயிருள்ள குதிரைக்கே அப்படிச் செலவழிக்க யோசிப்பார்கள். உலகம் சிரித்தது; வாங்கவும் செய்தது. அதன்பின் ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்து, ஆடுபவனுக்குத் துணி விற்பது என்று தொழில் முடிவெடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்குக் கொண்டுவர, 2018-ல் பப்ஜி மொபைல் வந்து இறங்கியது. நூறு பேர் தீவில் குதித்து, கடைசியில் ஒருவர் மிஞ்சும் ஆட்டம். வெல்பவருக்கு 'சிக்கன் டின்னர்' என்று அறிவிப்பார்கள். பள்ளிபாளையம் சிக்கன் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெறும் எழுத்தில் பரிமாறிய கோழியை இளைஞர்கள் ஏற்றுக்கொண்டது ஆராய்ச்சிக்குரியது.

பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூரிலும் சென்னிமலையிலும் ஒரு துணியின் விலை எப்படி வருகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். நூல், நெசவு அல்லது நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இடையில் கட்டிங் வேஸ்ட், ஆர்டர் ரத்து, பருத்தி விலை. சாயக்கழிவு பிரச்சினையில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. இத்தனையும் தாண்டி ஏற்றுமதியாகும் பனியனுக்கு வெளிநாட்டு வியாபாரி சென்ட் கணக்கில் பேரம் பேசுவார். பப்ஜியும் அதே வகை ஆட்டமான ஃப்ரீ ஃபயரும் விற்கும் சட்டைக்கு நூல் இல்லை, சாயம் இல்லை, கழிவுநீர் இல்லை, தையல்காரருக்குத் தீபாவளி போனஸ் இல்லை. ஒரு சட்டை வரைந்தால் கோடிச் சட்டை விற்கலாம். சைஸ் சரியில்லை என்று ஒன்றும் திரும்பி வராது. பேரமும் கிடையாது. பேரன் டாப்அப் போட்டு வாங்கிய சட்டையைப் பார்க்கும் அப்புச்சி, "ஏங்கண்ணு, ஒறம்பரை வந்தா இதப் போட்டுக்க முடியுமா?" என்று கேட்பதில் தொழில்முறைப் பொறாமை கலந்திருக்கிறது.

2020 செப்டம்பர் 2 அன்று, எல்லைப் பதற்றத்துக்கு நடுவே, பப்ஜி உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் 2021 ஜூலையில் பப்ஜியையே இந்தியப் பெயர் சூட்டிக் கொண்டுவந்தது. ரத்தத்தைப் பச்சை நிறமாக்கினார்கள். சாகிறவர் தாவரம் என்று எடுத்துக்கொள்ளலாம். 2022-ல் மறுபடி நீக்கம், 2023 மே மாதம் மறுபடி வருகை. இந்தமுறை 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று ரேஷன். ஆறு மணி நேரத்தைக் கட்டுப்பாடு என்று அழைத்த முதல் தொழில் இதுவாகத்தான் இருக்கும்.

போக்கு இப்படியிருக்க, 2023-ல் டொரொன்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 'வெண்பா'வை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைப்பதே ஆட்டம். அடுத்த ஆண்டு அதற்குச் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது கிடைத்தது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். டாப்அப் இல்லை, காத்திருப்பு இல்லை. முதல் வேலை இட்லி வேக வைப்பது. முப்பது ஆண்டுகளாக 'கேம் ஆடறேன்' என்று சொல்லிச் சமையலறைக்குப் போகாமல் தப்பித்த இனத்தை ஓர் ஆட்டமே இட்லித் தட்டு அடுக்க வைத்தது.

கடைசி அத்தியாயம் ஆன்லைன் ரம்மி. ஆட்டமும் இலவசம் இல்லை, சட்டையும் கிடையாது, காசையே வைத்து ஆடுவது. கடனும் தற்கொலைகளும் பெருகியதால் 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து 2021-ல் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022-ல் மீண்டும் அவசரச் சட்டம், பிறகு மசோதா, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பல், சட்டமன்றம் மறுநிறைவேற்றம், ஏப்ரலில் ஒப்புதல், நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் நீதிமன்ற விடுதலை, 2025-ல் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக் கூடாதென்ற விதி. கான்ட்ராவில் மொத்தமே எட்டு ஸ்டேஜ்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. ஈ-ஸ்போர்ட்ஸையும் பந்தயமில்லாத ஆட்டங்களையும் அது அனுமதிக்கிறது. சட்டை விற்பது பந்தயத்தில் சேராததால், நூலில்லாத அந்த ஜவுளி வியாபாரம் மட்டும் தங்குதடையின்றி நடந்துவருகிறது.