தூரத்துச் சொந்தம் வந்தவிடத்து ஊர்சுற்றல்: லால்குடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எப்பொருளை ஆராய்ந்தாலும் சங்க காலத்திலிருந்து தொடங்குவது தமிழாய்வின் முறை. எனவே இவ்வாய்வும் அங்கிருந்தே தொடங்குகிறது. சங்கத்தார் விருந்தோம்பலைப் பற்றி நிறையவே சொன்னார்கள். வந்த விருந்தை வேனில் ஏற்றி எங்கே கூட்டிப்போவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். இக்குறையை நீக்குவதே நோக்கம். ஆய்வு எல்லை: லால்குடியிலிருந்து வேன் வாடகை கட்டுப்படியாகும் தூரம். கருதுகோள்: வெளியூர்ச் சொந்தம் வந்தாலன்றி உள்ளூர்க்காரர் கல்லணையைப் பார்ப்பதில்லை. முதன்மை ஆதாரங்கள் அத்தைகள். துணைமை ஆதாரங்கள் அவர்தம் கணவர்களாகிய மாமாக்கள்.

முதலில் வகைப்பாடு. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி வருபவர் தூரத்துச் சொந்தம் ஆகார். அவருக்குக் காப்பியோடு சரி. கார்டு லைன் ரயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்குபவர் பாதித் தூரம்; அவருக்குச் சமயபுரம் உண்டு, கல்லணை இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் நேராகத் திருச்சியிலேயே வந்து இறங்குபவர் முழுத் தூரம். அமெரிக்காவிலிருந்து வந்து, சென்னையில் இறங்கி ரயிலேறி வருபவர் இரண்டாம் வகையா மூன்றாம் வகையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் வகையே என்பார் வாளாடிப் பெரியப்பா (நேர்ப்பேச்சு, முதல் காப்பி). மூன்றாம் வகையே என்பாரும் அவரே (நேர்ப்பேச்சு, சாக்லேட் டப்பா கைக்கு வந்த பின்).

டப்பா என்றதும் கையுறை பற்றி ஒரு சொல். தியாகையர் சீடர் ஒருவரின் அழைப்பில் லால்குடிக்கு வந்தார் என்பது வழிவழிச் செய்தி. சப்தரிஷீசுவரர் மேலும் அம்மன் மேலும் அவர் பாடிய 5 கீர்த்தனைகளை லால்குடி பஞ்சரத்தினம் என்கிறோம். அந்தச் சீடர் பரம்பரையில் வந்தவர்தான் வயலின் மேதை லால்குடி ஜெயராமன். பிற்கால விருந்தினர் எவரும் கையுறையில் இத்தரத்தை எட்டவில்லை. கோடாலித் தைலம் ஓரளவு நெருங்கியது என்பர் மூட்டுவலியுடையோர்.

இனி ஆய்வின் மையப்பகுதி. தூரத்துச் சொந்தம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நடைபெறும் "நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்னும் வாய்மொழித் தேர்வு இதுகாறும் ஆராயப்படவில்லை. தேர்வர் வெளிநாட்டிலோ வடக்கிலோ வளர்ந்த இளையவர். தேர்வாளர் அறுபது கடந்த பெண்பாலர். தேர்வு நேரம் முழுவதும் அவர் தேர்வரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பதால், தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்து விடை எழுத வழியில்லை. காப்பியடித்தலை இவ்வளவு திறம்படத் தடுக்கும் முறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

விடை சொல்வோர் மூன்று பள்ளியினர். முதற்பள்ளி சிரிக்கும். இரண்டாம் பள்ளி "பார்த்த மாதிரி இருக்கு" என்னும். இது விடையன்று, கருணை மனு. மூன்றாம் பள்ளி துணிந்து "அத்தை" என்னும். இப்பள்ளியின் தருக்கம் நுட்பமானது. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை. ஆகவே கூடத்தில் நிற்கும் எந்தப் பெண்மணியும் அத்தையாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. மற்றப் பாதியில்தான் ஆபத்து. தேர்வர் பெண்ணாக இருந்து, பெரியம்மாவைப் போய் அத்தை என்று அழைத்துவிட்டால், அண்ணனாக இருந்தவர் அந்தக் கணமே முறைமாப்பிள்ளை ஆகிவிடுகிறார். அவர் அப்போது அங்கேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பார்.

விடை வராதபோது குறிப்பு வழங்கப்படும். எத்தேர்வாளர் வழங்கினும் குறிப்பு ஒன்றே: "சின்னப் புள்ளையா இருக்கையில என் மடியிலதானே மூத்திரம் போன!" இது எவ்வகையில் அடையாளம் காண உதவும் என்பது விளங்கவில்லை. ஆயினும் இத்தரவு மிகப் பெரியது (பூவாளூர்ச் சின்னம்மா, "மடியும் மழலையும்", திண்ணைப் பதிப்பு, மறுபதிப்பு, வளைகாப்புப் பந்தி, மூன்றாம் வரிசை, ரசத்துக்கும் மோருக்கும் இடையில், இதை மறுத்து மணக்கால் அத்தை எழுப்பிய குரலை அதே பந்தியில், எதிர் இலையில் காண்க). ஒரே காதுகுத்து நாளில் ஒரே குழந்தை பூவாளூர் மடி, ஆங்கரை மடி, மணக்கால் மடி மூன்றையும் நனைத்ததற்குச் சான்றுகள் உள. எல்லாச் சான்றும் மெய்யாயின், லால்குடி வயல்களுக்கு ஐயன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் வெட்டியிருக்க வேண்டியதே இல்லை.

இவற்றுள் எம்மடி மூல மடி? ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்தாள, அவ்விருவரையும் மூன்றாமவர் "அறிஞர் பலரும்" என்று எழுதி, நான்காமவர் அதற்கு முனைவர் பட்டம் வாங்குவது கல்வி உலக நடைமுறை. எங்கள் குடும்பத்தில் அத்தைகளுக்குப் பஞ்சமில்லாததால் முதல் மூன்று படிகள் வீட்டிலேயே முடிந்துவிடுகின்றன. பட்டம் ஒன்றுதான் பாக்கி.

தேர்வு முடிந்தபின் பயணம். வேன் காலை 6 மணிக்குக் கிளம்பும் என்பது கொள்கை. ஒன்பதரை என்பது நடைமுறை. இடைப்பட்ட நேரத்தைப் புளியோதரை எடுத்துக்கொள்கிறது. பக்தர்களுக்காகச் சமயபுரத்து மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற வட்டாரத்தில், விருந்தாளியை அரைமணி நேரம் பசியோடு விட்டுவைக்க எவருக்கும் மனம் வருவதில்லை (ஆங்கரை அத்தை, "இன்னும் ஒரு வாய்", தொகுதிகள் 1 முதல் 9 வரை, பத்தாம் தொகுதி கையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டது, எண்ணெய்க் கறையால் சில பக்கங்கள் தெளிவில்லை).

கொள்ளிடப் பாலம் ஏறியதும் வேன் முழுவதும் ஒரே பக்கம் சாயும். தண்ணீர் இருந்தால் "பரவால்லயே" என்பர். மணல் இருந்தால் "எங்க காலத்துல" என்பர். திருவானைக்காவில் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை உடுத்தி வந்து கோபூஜை செய்வார். அதைக் காட்டுவதாக ஒவ்வொரு விருந்தாளிக்கும் வாக்களிக்கப்படும். ஒன்பதரைக்குக் கிளம்பிச் சமயபுரத்தில் வரிசையிலும் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு நடை சாத்திய கதவுதான் கிடைக்கும்; கதவின் முன் நின்று மாமா செய்யும் வர்ணனையே தரிசனம்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. 1987-இல் கட்டி முடிந்தது. அதன் முன் எல்லோரும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது விதி. கோபுரம் முழுதாக வந்தால் சொந்தம் புள்ளிபுள்ளியாக நிற்கும். சொந்தத்தின் முகம் தெரிந்தால் பின்னால் இருப்பது எந்தக் கோபுரம் என்று எழுதிக்காட்ட வேண்டியிருக்கும்.

முக்கொம்பு: ஊஞ்சல். ஆர்தர் காட்டன் காலத்துக் கொள்ளிடம் மதகுகளில் 9 மதகுகள் 2018 ஆகஸ்டில் அடித்துப்போன பிறகு மாமாக்களுக்கும் அங்கே பேசப் பொருள் கிடைத்தது.

கல்லணையில் கரிகாலன் யானைமேல் அமர்ந்திருக்கிறான். அவன் காலத்தை வரையறுக்க ஆய்வாளர்கள் நூற்றாண்டு கணக்கில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்க, வேன் டிரைவர் "ரெண்டாயிரம் வருசம், சார்" என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருடைய ஆய்வுமுறை பின்பற்றத்தக்கது. கோலாலம்பூர்ச் சொந்தம் வெயிலுக்கு அஞ்சி வேனுக்குள்ளேயே இருந்தது. இறங்கி, மதகு மதகாக எட்டிப் பார்த்து, "எத்தனை வருசமாச்சு இங்க வந்து!" என்று வியந்தவர் வாளாடிப் பெரியப்பா. எத்தனை வருசம் என்று கேட்டதற்கு, "போன தடவை இவங்க வந்தப்பதான்" என்றார். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று உண்டு. வேனில் யாரோ விட்டுச்சென்ற மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு எவருடையது? அது தம்முடையதே என்று ஆங்கரை அத்தை முடிவை வெளியிட்டுவிட்டார். தரவுகள் திரட்டப்பட்டு வருகின்றன.