பெட்டி மேல் போட்ட விலை

பேப்பர்க்காரர் கணக்கு என்று எங்கள் மேலாண்மைப் பாடத்தில் ஒன்று உண்டு. காலையில் எத்தனை பேப்பர் எடுப்பது? குறைத்து எடுத்தால் வியாபாரம் போச்சு. கூட எடுத்தால் சாயங்காலம் எடைக்குத்தான் போட வேண்டும். இந்த மாதிரிக் கணக்குக்கு வழி சொல்லி 1951இல் கென்னத் ஆரோவும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரோ 1972இல் நோபல் வாங்கினார். நான் அதைப் போர்டில் எழுதிப் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

சாத்தூர்க்காரனுக்கு இதில் பேப்பரே வேண்டாம், பட்டாசு போதும். தீபாவளி முடிந்தால் வியாபாரமும் முடிந்தது. அதனால் மைத்துனர் தீபாவளிக் கடை போட்டபோது, எவ்வளவு சரக்கு எடுப்பது என்பதை நான் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன். வாங்கும் விலை 20 ரூபாய் என்றால் பெட்டியில் 100 என்று போட்டிருந்தது. நூற்றுக்கு எண்பது லாபம்! அப்படியானால் பத்தில் எட்டு தீபாவளிக்குச் சரக்கு பத்தாமல் போகக் கூடாது என்றது கணக்கு.

"அத்தான், போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைச்சே எடுப்போமே. ஐப்பசி மழையை நம்ப முடியாது."

"இது ஃபார்முலா மாப்ள."

பெட்டி விலை கொடுத்து எங்கள் பக்கம் யார் பட்டாசு வாங்குகிறார்கள்? 75 சதவீதம், 80 சதவீதம் தள்ளுபடி என்று ரோடு நெடுகப் போர்டு. அந்தப் போர்டுகளைப் படித்துத்தான் நான் எழுத்துக்கூட்டவே பழகினேன். நூறு ரூபாய்ப் பெட்டி 25க்குப் போனால் கையில் நிற்பது 5. அதே ஃபார்முலா அப்போது தலைகீழாகச் சொல்லும்: பத்தில் இரண்டு தீபாவளிக்குப் போதுமான அளவு எடு, மற்ற வருஷம் தீர்ந்து போனால் போகட்டும். மைத்துனர் சொன்னதும் அதுதான்.

மழையும் வந்தது. மிச்சத்தை நிரந்தர உரிமம் உள்ள கடைக்காரர் ஒருவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். கார்த்திகைக்குக் கம்பி மத்தாப்பு அவருக்கு நன்றாகவே போனதாம். கார்த்திகை என்று ஒன்று வரும் என்பதும் என் கணக்கில் இல்லை.

விடவில்லை, இதையே ஆய்வுக் கட்டுரையாக்கினேன். இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு யுஜிசியின் 2018 விதிப்படி குறைந்தது 7 கட்டுரை வேண்டுமே. மதிப்பீட்டாளர் கேட்டார்: "யாரும் கொடுக்காத விலையை எதற்குப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள்? ஆதாரம் என்ன?" ஒரு பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டுரை திரும்பி வந்தது.

நான் இன்னும் உதவிப் பேராசிரியர். மைத்துனர் இந்த வருஷமும் கடை போடுகிறார். எவ்வளவு எடுத்திருக்கிறார் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை.