டச்சுக்காரன் ஊரிலிருந்து ஒரு ராஜினாமா

ஆம்ஸ்டெல்வேன், நெதர்லாந்து

மச்சான்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் பணம் கேட்கப் போகிறான் என்று நினைப்பாய். பணமில்லை. வேலையை விட்டுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை வீட்டில் கண்ட இடத்தில் போட்டு வைக்காதே. தங்கச்சி கையில் கிடைத்தால் சாயந்திரத்துக்குள் செய்தி கோட்டைக்குப்பத்தைத் தாண்டிப் பொன்னேரி போய்ச் சேர்ந்துவிடும்.

இங்கே ‘நிரந்தர ஒப்பந்தம்’ என்று ஒரு காகிதம் உண்டு. அது கையிலிருந்தால் பேங்க்காரன் நாற்காலி போட்டு உட்காரவைத்து வீட்டுக் கடன் தருவான். கம்பெனி நினைத்த மாத்திரத்தில் உன்னை அனுப்பிவிடவும் முடியாது. நம்ம பக்கம் சர்க்கார் உத்தியோகத்துக்கு உள்ள மரியாதை அப்படியே அதற்கு உண்டு. அதை நானாகத் திருப்பிக் கொடுத்ததும், “உடம்புக்கு ஏதாவது முடியலையா?” என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். கடைசி நாள் கேக்கையும் நானே வாங்கிப்போக வேண்டும். பிறந்தநாளோ பிரிவோ, விசேஷம் யாருக்கோ செலவும் அவனுக்கே, அதுதான் இந்த ஊர் நியாயம். ஆளுக்கொரு துண்டு தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், இரண்டு மணி மீட்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பொய் பேசமாட்டார்கள், சரியாக ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவார்கள், என்னையும் போகச் சொல்வார்கள். ஆனால் சிநேகிதத்துக்கும் நாட்குறிப்பில் இடம் பார்க்கிறார்கள். காபி குடிக்கலாமா என்றால், மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை காலியாக இருக்கிறது என்று பதில் வரும். வீட்டுக்குப் போனால் காபியுடன் ஒரு பிஸ்கட், அதோடு டப்பா மூடி. ஹோட்டலில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ‘டிக்கி’ என்ற ஆப்பில் என் பங்கைக் கேட்டுச் செய்தி வந்து நிற்கும். சில்லறை சுத்தமாக.

அதைப் பார்க்கும்போதெல்லாம் நம்ம துரைப்பாக்கம் ரூம் ஞாபகம்தான். ராத்திரி ஷிப்டில் நீ ஸ்டீவ், நான் மைக். அமெரிக்காவில் யாரோ ஒரு கிழவியின் கிரெடிட் கார்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு, விடியற்காலை கம்பெனி வேனில் தூங்கி விழுந்துகொண்டு வருவோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி ஷூ. உன் கால் ஒன்பது, என் கால் எட்டு. நான் போடும் நாளில் முனையில் ‘தினத்தந்தி’யைத் திணித்துக்கொள்வேன். வெளிநாட்டு கிளையண்ட் வந்த அன்று இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் விழுந்தது. காலில் ஆணி குத்திவிட்டது என்று சொல்லி, கட்டுப்போட்டு, செருப்போடு வந்து நின்றாயே! அந்த வெள்ளைக்காரர் உன் காலைத்தான் அக்கறையாக விசாரித்தார், ஷூ போட்டிருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்ததற்கு வீட்டுக்காரர் மாடியேறி வந்து கத்தியதும், “இது எங்க ஊர் மருந்து சார்” என்று நீ கூசாமல் சொன்னதும், அவர் பாதி நம்பியதும்! என்னிடம் நீ வாங்கிய முந்நூறு ரூபாய் பாக்கி அப்படியே இருக்கிறது. டிக்கி அனுப்பட்டுமா?

அதற்குப் பிறகு எத்தனையோ பேருடன் வேலை பார்த்தேன். ஒருவனிடமும் பாக்கி இல்லை.

நீ வேலையை உதறிவிட்டு வலைக்குத் திரும்பியபோது, ஏசியில் உட்கார்ந்தவன் சேற்றில் இறங்குகிறானே என்று ஊர் பேசியது. நம்ம ஊரில் கம்பெனி வேலை பார்த்த ஆட்கள் எப்படி முடிந்தார்கள் என்பது டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களுக்குத் தெரியும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கி, 1613இல் நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டி, துணியும் வெடிமருந்தும் ஏற்றியது. நம்ம கரை ஆட்களையே அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றியது. அத்தனை பெரிய கம்பெனி 1799 கடைசியில் கடனோடு மூடப்பட்டது. இதை ஆபீஸில் சொன்னேன். ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார். இன்னொருவர் அந்தக் கோட்டையைப் பார்க்க டிக்கெட் எவ்வளவு என்றார். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதர்தான், டிக்கெட் கிடையாது என்றேன்.

அந்தக் கம்பெனியில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்று ஒரு பாதிரி இருந்தார். 1630களில் பழவேற்காட்டில் உத்தியோகம், பத்து வருஷத்துக்குக் கிட்டே. அங்கே பத்மநாபன் என்ற பிராமணரோடு பழக்கம். இரண்டு பேரும் போர்த்துகீசில் சமாளித்தார்கள், நீயும் நானும் அமெரிக்கக் கிழவியிடம் இங்கிலீஷில் சமாளித்ததுபோல. பாதிரி பிறகு படாவியா போய், தாய்நாடு திரும்பி, 1649இல் கௌடா என்ற ஊரில் இறந்தார். பத்மநாபன் சொல்லச் சொல்ல எழுதிவைத்ததெல்லாம் 1651இல் லைடனில் புத்தகமாக வந்தது. அதில் பர்த்ருஹரியின் பாடல்களும் டச்சில் உண்டு. கம்பெனி அவருக்கு என்ன சம்பளம் கொடுத்தது என்று இன்று யார் கேட்கிறார்கள்? பத்மநாபனை மட்டும் இங்கே பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குத் தெரியும். சீஸ் வாங்கும் சாக்கில் கௌடாவுக்கு ஒரு நடை போய்வந்தேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஃபோலண்டாம் என்று ஒரு மீனவர் ஊர். 1932இல் குறுக்கே பெரிய அணை கட்டிக் கடலை ஏரியாக்கிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகி, கடல் மீன் போயிற்று. இப்போது டூரிஸ்டுகள் அந்த ஊர்ப் பழைய மீனவர் உடுப்பை வாடகைக்குப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நம்ம முகத்துவாரம் தூர்ந்துபோகும் வருஷமெல்லாம் எனக்கு அந்த போட்டோக் கடைதான் கண்ணில் வருகிறது. முகத்துவாரத் தடுப்புச் சுவர் வேலை என்ன ஆயிற்று என்று எழுது. துறைமுகக்காரர்கள் பேச்சை விடு, நம்ம ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?

ஏரியில் வலை போடும் நம்ம பாடு முறையையும் ஆபீஸில் விளக்கிப் பார்த்தேன். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை, முறை வைத்துச் சுற்றி வரும், இன்றைக்கு இறால் கிடைக்காத இடம் விழுந்தவனுக்கு அடுத்த முறை வேறு இடம் என்று. கடைசிவரை கேட்டுவிட்டு, “சரி, அதற்கு சிஇஓ யார்?” என்றார்கள்.

தை மாதம் வருகிறேன். கொஞ்ச காலம் ஊரில்தான். பக்கத்தில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பார்களே, அன்றைக்காவது நீ சும்மா இருப்பாய், உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். தலைக்கட்டு வரியை அப்பா இத்தனை வருஷமும் என் பேரில் விடாமல் கட்டி வந்தார். பாடு லிஸ்டில் என் பேர் இன்னும் இருக்கிறதா என்று பஞ்சாயத்தில் கேட்டு எழுது. எடுத்துவிட்டிருந்தால் திரும்பச் சேர்க்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேள். அந்த முந்நூறைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறேன்.