நிரலுக்கு அரைப்பேர்கூடக் கிடையாது

இலவசப் பிரியர்களான அமைச்சர்களே, செயலாளர்களே, கொம்பனித் துரைமாரே,

றத்தோட்டைப் பக்கத்து லயமொன்றிலிருந்து ஒரு பையன் திறந்த மூல மென்பொருள் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டால் உங்கள் முகம் எப்படி மலர்ந்துவிடுகிறது! மாத்தளை நகரில் மேடை போடுவீர்கள். பொன்னாடை வரும், கேடயம் வரும். "தம்பி, நாட்டுக்குப் பெரிய சேவை செய்யிறீங்க" என்று ஆளுக்கு அரைமணி நேரம் பேசுவீர்கள். அந்த மென்பொருளைப் பழுதில்லாமல் வைத்திருக்க மாதம் என்ன செலவாகும் என்று மட்டும் ஒருவர் வாயிலும் வராது. பையனே துணிந்து கேட்டால், "சேவை என்று நினைத்தோமே, இவனும் காசு கேட்கிறானே" என்று மனம் நொந்து போவீர்கள்.

உங்கள் சேவைப் பற்றுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துச் சில வாரங்களுக்குள், நம் நாட்டு நிரலாளர்கள் ஊதியம் கேளாமல் உட்கார்ந்து 'சகனா' என்ற பேரிடர் நிவாரண மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், நிவாரணப் பொருள் கணக்கு எல்லாம் அதில் ஏறின. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் அது போயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் விருதை அதற்குக் கொடுத்தது. இவ்வளவு பெருமையும் நமக்கே. ஆனால் அதைத் தொடர்ந்து வளர்ப்பதற்கான அறக்கட்டளை 2009இல் எங்கே பதிவாயிற்று தெரியுமா? அமெரிக்காவில்.

ஏழை நாடு, இலவசத்தைத்தானே தேடும் என்று உங்களுக்காக வக்காலத்து வாங்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். 2023இல் அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000, கப்பம் கேட்கும் நச்சுநிரலுக்கு இரையாயின. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. தயாரித்த கொம்பனியே கைகழுவிவிட்ட பதிப்பு. ஏன் புதுப்பிக்கவில்லை என்றால், நிதி இல்லையாம். ஆக, சும்மா கிடைப்பதை எழுதியவனுக்கும் காசில்லை. விலை கொடுத்து வாங்கியதைப் புதுப்பிக்கவும் காசில்லை. கேடயம் செய்யும் கடைக்காரரிடம் மட்டும் கடன் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

திறந்த மூல உரிமங்களை நீங்கள் வாசித்ததில்லை என்பது நிச்சயம். எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்கூட வராது. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், எழுதியவர் பெயரையும் இந்த உரிமத்தையும் அழிக்காதே. எந்த உத்தரவாதமும் தரமாட்டேன் என்கிறது. ஜிபிஎல், மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடு என்கிறது. எழுதியவன் பட்டினி கிடக்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரு வரி கிடையாது. விலை வைப்பதை ஜிபிஎல் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. சந்தேகமிருந்தால் கொழும்பைப் பாருங்கள். சஞ்சீவ வீரவரணவும் சகாக்களும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2, நிரலை அப்பாச்சி உரிமத்தில் திறந்து வைத்து, பராமரிப்புக்கும் ஆதரவுக்கும் சந்தா வாங்கியது. 2024இல் ஸ்வீடனின் ஈக்யூடி நிறுவனம் அதை வாங்க ஒப்புக்கொண்டபோது பேசப்பட்ட தொகை 60 கோடி டொலருக்கு மேல். நிரல் இலவசம். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்வதற்குக் காசு. இந்த வித்தியாசம் புரிந்த வாடிக்கையாளர் கிடைத்தால் திறந்த மூலத்திலும் பிழைக்கலாம். நீங்கள் நிரலையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி அழைப்பையும் சும்மா கேட்கிறீர்கள்.

வெளிநாட்டுத் துரைமாரும் உங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். இணையத்தில் எத்தனையோ வங்கிக் கணக்குகளைக் காவல் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு, 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்படும்வரை ஆண்டுக்கு வந்த நன்கொடை 2,000 டொலர் அளவில். 2022 ஜனவரியில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் 'கேர்ல்' நிரலைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க்குக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று கட்டளையிட்டது. அதுவரை அவருக்கு ஒரு சதமும் கொடுத்ததில்லை. ஆதரவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் மகிழ்ச்சியாகச் சொல்கிறேன் என்று பதில் போட்டார் மனிதர். இப்படிப் பதில் எழுதுவதற்கே நம் பையன்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்த வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இஸட்' நிரலின் கதை இன்னும் கேவலம். ஊதியமில்லாமல் தனியாளாகப் பராமரித்தவர் களைத்துப்போனார். அவருக்குத் தோள் கொடுக்க எந்தக் கொம்பனியும் வரவில்லை. 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஆள்தான் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்துக் கொடுத்தார். உழைத்து முடித்து, உலகத்துச் சேர்வர்களுக்குள் புகப் பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில், அரை விநாடித் தாமதம் ஏன் என்று ஒரு பொறியியலாளர் தோண்டியதால் தப்பினோம். உதவிக்கு வந்தவர் திருடர் ஒருவர்தான் என்றால், வராத நீங்கள் யார்?

மலையகத்துக்காரனுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்குள் எத்தனை வருடம் தெருவில் நின்றோம்; ஏறிய பிறகும் கொம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஆனாலும் அந்த மண்ணில் செக்ரோல் என்று ஒரு சம்பளப் பதிவேடு உண்டு. தேயிலை பறித்ததைச் 'சமூகப் பங்களிப்பு' என்று சொல்லிக் கூடையை வாங்கிக்கொண்டு கைதட்டி அனுப்பும் துணிச்சல் வெள்ளைக்காரத் துரைக்குக்கூட வரவில்லை. நிரல் எழுதும் பேரனிடம் உங்களுக்கு வந்துவிட்டது.

காசு கொடுத்தால் இலவச மென்பொருள் கெட்டுவிடும் என்றும் சிலர் தத்துவம் பேசுகிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது நம் சுகாதார அமைச்சு விமான நிலையப் பயணிகளைக் கண்காணிக்க அவசரமாக எடுத்துப் பயன்படுத்தியது டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள். இங்குள்ளவர்கள் அதை மாற்றியமைத்த வேகத்தை உலகமே பாராட்டியது. அது யாரும் எடுக்கலாமென்று திறந்து வைத்த நிரல்தான். ஆனால் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் அதைப் பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். நோர்வே அரசு பல ஆண்டுகளாக அதற்குப் பணம் கொடுக்கிறது. ஜெர்மனி 2022இல் திறந்த மூலப் பராமரிப்புக்கென்றே ஒரு பொதுநிதி தொடங்கி, மறு ஆண்டே குனோம் என்ற திறந்த மூலத் திட்டத்துக்கு 10 இலட்சம் யூரோ ஒதுக்கியது. அங்கெல்லாம் சுதந்திரம் செத்துவிடவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியது. மாத்தளை மலைகளும் தப்பவில்லை. அடுத்த மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில், வரைபடம் வேண்டும், முகாம் பட்டியல் வேண்டும், விடிவதற்குள் வேண்டும் என்று அதே பையனைத்தான் எழுப்புவீர்கள். அவனும் மாட்டேன் என்று சொல்லமாட்டான், ஊர்ச் சனம் மண்ணுக்குள் கிடக்கும்போது. அதை நம்பித்தானே இத்தனை காலம் ஒரு சதமும் ஒதுக்காமல் இருக்கிறீர்கள்.

அரசாங்கக் கேள்விப்பத்திரங்களில் தேநீர்ச் செலவுக்கே தனி வரி போடத் தெரிந்தவர்கள் நீங்கள். திறந்த மூலப் பராமரிப்பு என்று இன்னொரு வரி போடுங்கள். அந்தப் பையனிடம் போகும்போது தொகையும் மாதமும் எழுதிய ஒப்பந்தத்தோடு போங்கள்.