புதுசைப் பழசாக்கும் புண்ணியவான்

ராயகிரியில் கோயில் கொடை நெருங்கினால் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி குழாய் ஸ்பீக்கர்களைத் திண்ணையில் பரப்பி வெள்ளி பெயின்ட் அடிக்க உட்கார்ந்துவிடுவார். 30 வருசத்துச் சாமான் முந்தாநாள் வாங்கியதுபோல மின்னும். எதிர்த்த வீட்டு மாடியில் ஒரு தம்பி, முந்தாநாள் வாங்கியதை 30 வருசத்துச் சாமானாக்க மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்.

கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. கிதாரில் மூன்று கார்டு வரும். ஆனால் பக்தியெல்லாம் ஆம்ப்ளிஃபையர் மேல்தான். 1950-களில் ஃபெண்டர் கம்பெனி ட்வீட் துணி போர்த்தி விற்ற பெட்டிதான் குலதெய்வம். அசலை வாங்க வயலை விற்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே பாகங்களை வரவழைத்து, தானே கோத்து, தானே கெடுக்கிறான்.

ட்வீட் துணிக்கு, தச்சர் மேசைக்குப் பூசும் அரக்கு பாலீஷ். புகை குடித்த மஞ்சள் வரும்வரை மூன்று கை. ஸ்பீக்கர் முன்துணிக்குத் தேயிலைச் சாயம். முதல் தடவை பழக்கதோஷத்தில் சீனியும் போட்டுவிட்டதால் எறும்பு குடியேறியது. திருகாணிகளை வினிகர் கிண்ணத்தோடு டப்பாவில் அடைத்து, ஆவியில் மங்க வைப்பான். ‘கோழித்தலை’ என்று பேர்பெற்ற திருகுகளுக்கு உப்புத்தாள். அதிலும் கணக்கு உண்டு: வால்யூமைச் சுற்றி நன்றாகத் தேய வேண்டும், டோன் பக்கம் லேசாக. கை எங்கே அதிகம் போகுமோ, அங்கேதானே தேயும்?

“பித்தளையில களிம்பு ஏறிரக் கூடாதேன்னு நான் புளி போட்டுத் தேய்க்கேன். நீ புதுச் சாமானை ஏன் ராசா பாழாக்குத?” என்றாள் அம்மா.

“எம்மா, ஃபெண்டர்காரனே 1995-லருந்து புதுக் கிதாரைத் தேய்ச்சு, அடிபட்ட மாதிரி ஆக்கி, கூடுதல் வெலைக்கு விக்கான்.”

“அடிபட்டதுக்குக் கூடுதலா? அப்ப ஒங்கப்பா மோட்டார் சைக்கிளுக்கு என்ன கிடைக்கும்?”

நம் நாட்டில் 1972-ஆம் வருசச் சட்டப்படி, சிலையோ சிற்பமோ 100 வருசம் தாண்டினால்தான் தொல்பொருள். இவனுக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும்.

ஏமாற்றி விற்கும் எண்ணம் துளியும் கிடையாது. கேட்டால், “புதுசுதான், நானே செஞ்சது” என்று உண்மையைச் சொல்லிவிடுவான். சொன்ன பிறகும் கேட்டவர் நம்பக் கூடாது. அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பெட்டி முடிந்த அன்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டி, மங்கிய திருகாணியை நகத்தால் சுரண்டினார்.

“அம்பது வருசம் இருக்குமா தம்பி?”

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. “புதுசு அண்ணாச்சி!”

அண்ணாச்சி நம்பவில்லை. தோளில் ஆதரவாகத் தட்டினார்.

“ஏமாத்திட்டானா? வெசனப்படாதீங்க. கொடைக்கு வாங்குன வெள்ளி பெயின்ட் அரை டப்பா மிச்சம் கெடக்கு. சாயங்காலம் எடுத்துட்டு வாரேன்.”