புதியவர் உபசார சாஸ்திரம்

சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் வாய்த்த இலக்கணம், ஞாயிறுதோறும் மாலையில் கிளை நூலகத்து மாடியிலோ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ கூடுகின்ற வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பவரை வரவேற்கும் அருங்கலைக்கு இன்றளவும் வாய்க்காமற்போனது துரதிருஷ்டமே. 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தருளிய சீர்காழி ரங்கநாதன் அவர்கள், ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு நூல் என்றும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகன் என்றும் விதித்தாரேயன்றி, வாசகன் உட்கார நாற்காலி உண்டா என்பதில் மௌனமே சாதித்தார். வள்ளுவரோ விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரத்திலும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். வாசற்படிக்கும் நாற்காலிக்கும் இடையே புதியவர் கடக்கவேண்டிய தூரம் 63 அதிகாரம் என்பது இதனாற் பெறப்படும்.

உபசாரத்தின் முதல் அங்கம், "சார் என்ன படிக்கிறது வழக்கம்?" என்னும் வினா. பார்வைக்கு இது குசலம் விசாரிப்பதாகத் தோன்றினும் உள்ளபடி பரீட்சையேயாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்று சத்தியத்தைச் சொன்னவர் ஓரத்து முக்காலிக்கும், ருஷிய நாவல் என்றவர் தலைவருக்கு அருகிலுள்ள பிரம்பு நாற்காலிக்கும் அனுப்பப்படுவர். ருஷிய நாவல் என்றவரிடம் இரண்டாவது வினா எழுவதில்லை. கேட்பவருக்கும் அதில் அபாயம் உண்டல்லவா? காப்பி வழங்குதலைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. அது யாவர்க்கும் ஆறியே வரும்.

அமர்ந்தவர் எவ்வகையினர் என்று நிர்ணயிப்பதற்கு, மாணாக்கரை எட்டாகப் பகுத்த பவணந்தியாரின் நன்னூலினும் சிறந்த பிரமாணம் இல்லை. மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவை ஒத்தவர், சுண்டலையும் வட்டத்தின் நூலையும் ஒருங்கே பெற்றுச் சென்று, நூலை மாத்திரம் மாதக்கணக்கில் அசைபோடுவார். செடிக்குச் செடி தாவும் ஆட்டை ஒத்தவர், அட்டையையும் முன்னுரையையும் கறித்துவிட்டு ஆசிரியரின் ஏனைய நூல்களைப் பற்றிப் பிரசங்கிப்பார். நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரியை ஒத்தவருக்கோ, நானூறு பக்க நாவலின் மூன்று அச்சுப்பிழைகளையன்றி வேறொன்றும் நினைவில் நில்லாது (இவரே நாளடைவில் செயலாளராவார்). கிளியை ஒத்தவர் எங்கும் விரும்பப்படுவார். ஆனால் தலைமாணாக்கர் வரிசையில் முதலாவதாக நிற்கும் அன்னமோ, அன்றைய நூலைப் படித்துவந்தவர் யார், படியாது வந்தவர் யார் என்பதை அரை நாழிகைக்குள் பாலும் நீருமாகப் பிரித்துவிடும் சுபாவமுடையதாதலின், எந்த வட்டத்திலும் நெடுநாள் தங்கியதாகச் சான்று கிடைக்கவில்லை.

இத்தனை பிரயாசைப்பட்டுப் புதியவரை வரவேற்பானேன் என்று பூர்வபட்சம் எழலாம். திருநெல்வேலி வட்டத்தொட்டியில் ஒரே கம்பன் பாடலைப் பன்முறை கேட்டும் ரஸிகர்கள் சலிக்கவில்லை என்பர். அங்கே சொன்னவர் டி.கே.சி. ஏனைய வட்டங்களிலோ, தலைவர் கனைக்கும்போதே அவருடைய வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது பொருளாளருக்குத் தெரிந்துவிடுகிறது. பொருளாளரின் மறுப்பும் தலைவருக்கு மனப்பாடம். ஆகவே, அவ்விருவரையும் இதுவரை கேட்டிராத செவி ஒன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வந்து அமராவிடின் வட்டம் கலைந்துபோகும் என்பதே சித்தாந்தம்.

ஆதலின், வருகின்ற ஞாயிறன்று முதன்முதலாக ஒரு வட்டத்துக்குச் செல்லக் கருதியிருக்கும் அன்பர்கள், குறிக்கப்பட்ட நூலை முழுதும் படித்துச் செல்வதில் தோஷமில்லை. அந்தச் செய்தியை மூன்றாவது கூட்டம்வரை வெளியிடாதிருப்பார்களாக.