சென்டரில் ரூம்

இன்று விடிகாலை ஐந்து மணிக்கு என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு வாணம் வெடித்தது. மேலே போய்ப் பூவாக விரிகிற ரகம் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் கிடையாது, காதுக்கு மட்டும். அடுத்தது வெடிப்பதற்குள் டிரம்பெட், டூபா, பெரிய டிரம் சகிதமாக ஒரு பேண்டு செட் சந்து முனையில் திரும்பியது. "யார் வீட்லயோ கல்யாணம்போல" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்தபடி. கல்யாணமாக இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். இது ஜூன். குஸ்கோவில் ஜூன் என்றால் மாதம் முழுக்க இப்படித்தானாம். 24ஆம் தேதி இன்தி ராய்மி என்கிற சூரியத் திருவிழா. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம், அலுவலகம், தெருச் சங்கம் என்று ஒன்று பாக்கியில்லாமல் சதுக்கத்தைச் சுற்றி ஊர்வலம் போகும். ரிசப்ஷனில் இருக்கிற தம்பி இதை ஏதோ எனக்கென்றே ஏற்பாடு செய்ததுபோல முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

நான் உட்கார்ந்தது பன்னிரண்டு மூலைக் கல்லைப் பற்றி எழுதுவதற்கு. அதற்கு வருகிறேன்.

ரூம் போடும்போது நாம் கேட்கிற முதல் கேள்வியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருவுக்கு டிக்கெட் எடுத்த சேதி தெரிந்ததும் மைத்துனர் போன் செய்தார். மச்சுபிச்சுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாப்ளே, ரூம் சென்டர்லதானே?"

"ஆமா மச்சான். சதுக்கத்துலேருந்து ரெண்டே தெரு."

"அப்ப சரி."

அவர் குஸ்கோவைப் படத்தில்கூடப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் அந்த "அப்ப சரி"யைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதுதான் நான் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது.

குஸ்கோவின் சென்டர் சும்மா நாலு கடையும் ஒரு டாக்சி ஸ்டாண்டும் உள்ள சென்டர் இல்லை. இன்கா ராஜாக்கள் தங்கள் சாம்ராஜ்யத்தை நாலு திக்காகப் பிரித்து, நாலுக்கும் சாலையை இந்தச் சதுக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்திலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை எங்கே என்ன நடந்தாலும் கடைசியில் இங்கே வந்து நின்றாக வேண்டும். சதுக்கம் பூராவும் கடல் மணலைப் பரப்பி வைத்திருந்தார்கள். பசிபிக் கரையிலிருந்து மலையேற்றிச் சுமந்து வந்த மணல். 1533இல் ஸ்பானியர்கள் வந்து சேர்ந்தார்கள். பிற்பாடு போலோ தெ ஒன்தெகார்தோ என்கிற அதிகாரி அந்த மணலை வாரிக் கதீட்ரல் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார். மணல் அள்ளுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் காரணம் கிடைத்துவிடும்.

இன்னொரு சங்கதி. திருவிழா வந்தால், செத்துப்போன ராஜாக்களின் பதப்படுத்திய உடல்களைத் தூக்கி வந்து இந்தச் சதுக்கத்தில் வரிசையாக உட்கார வைப்பார்கள். முன்னால் சாப்பாடு படைத்து, சோளக்கள் ஊற்றி, ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும். செத்தவனையே தூங்கவிடாத இடத்தில் நான் முன்பணம் கட்டித் தூங்க வந்திருக்கிறேன். ராஜாக்கள் போனதும் ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. கார்ப்பஸ் கிறிஸ்தி விழாவுக்குப் பதினைந்து சப்பரங்களில் புனிதர்களும் மாதாக்களும் ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் கிளம்பிக் கதீட்ரலுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி பேண்டு. ஒவ்வொரு பேண்டுக்கும் தனிப் பாட்டு. எல்லாம் ஒரே நேரத்தில்.

"எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்று ஓட்டல் விளம்பரத்தில் போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் அந்தத் தூரத்தைக் கடல் மட்டத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர். குஸ்கோ கிட்டத்தட்ட 3,400. லிமாவில் கடற்கரையில் நின்ற ஆளை விமானம் ஒரு மணி நேரச் சொச்சத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. கீழே இருக்கிற காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. முதல் நாள் வெறுங்கையோடு மாடி ஏறினேன். கதவுக்கு முன்னால் நின்று சாவியைத் துவாரத்தில் நுழைக்கிற தெம்பு வருவதற்குள் விளக்கு இரண்டு தடவை தானாக அணைந்துவிட்டது.

ஓட்டல் காலனிய காலத்து வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத் தூண் வைத்த தாழ்வாரம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். எங்கள் அறை அந்தப் பின்கட்டின் மூலையில். அறையில் ஒரு பக்கச் சுவர் அசல் இன்கா சுவர் என்பது இவர்களுக்குப் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கல்லோடு கல் இழைந்து நிற்கிறது. கத்தி முனைகூட உள்ளே போகாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் பேனாக்கத்தியை வைத்துப் பார்த்தேன், போகவில்லை. 1950 மே மாத நிலநடுக்கத்தில் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடம் சரிந்து விழுந்தபோது, அடியில் இருந்த இன்காக்களின் கொரிகாஞ்சா கோயில் சுவர் அப்படியே நின்றதாம். எங்கள் அறையில் சுவர்தான் இன்கா. கதவும் ஜன்னலும் ஸ்பானியர் வழி. கத்தி நுழையாத சுவருக்குப் பக்கத்தில், பூனை நுழைகிற இடுக்கோடு ஒரு கதவு. ஹீட்டர் கிடையாது. பதிலுக்கு ஆளுக்கு நாலு கம்பளி கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டால் குளிராது. ஆனால் திரும்பிப் படுக்க முடியாது.

வெந்நீர் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கல்லுக்குப் போகிறேன்.

24 மணி நேரமும் வெந்நீர் என்று வாசலிலேயே பலகை தொங்குகிறது. அதுவும் உண்மை. 24 மணி நேரமும் தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது, மொட்டை மாடியில். அங்கே ஒரு கேஸ் கெய்சர். அதிலிருந்து புறப்படுகிற குழாய் முதல் முற்றத்துக்கு இறங்கி, சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டோர் ரூமைத் தாண்டி, இரண்டாவது முற்றத்தின் தாழ்வாரத்தோடு ஓடி, கடைசியில் எங்கள் குளியலறைக்கு வருகிறது. இராத்திரி சுழியம் டிகிரியைத் தொடுகிற ஊரில் இத்தனை ஊர்வலம் போனால் எந்த வெந்நீருக்கும் உற்சாகம் இருக்காது. குழாயைத் திறந்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, சில்லிட்ட தரையில் ஒற்றைக் காலில் நின்றபடி விரலை நீட்டி நீட்டிப் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீர். கொஞ்சம் வெதுவெதுப்பு, இல்லை, அது பிரமை. பிறகு நிஜமாகவே வெதுவெதுப்பு. சரியென்று உள்ளே பாய்ந்து தலையில் ஷாம்பு போட்ட கணத்தில் திரும்பவும் பச்சைத் தண்ணீர். பக்கத்து அறைக்காரர் குழாயைத் திறந்துவிட்டார்.

அவர் எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நல்ல உயரம், சிவந்த மூக்கு. ஆனால் அவருடைய குளியல் பழக்கம் அவர் மனைவியைவிட எனக்கு அத்துப்படி. குளிக்கப் போகும்போது சீழ்க்கை அடிப்பார். சீழ்க்கை கேட்டால் என் தண்ணீர் போயிற்று என்று அர்த்தம். என் குளியலை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று தெரியவில்லை, நான் கத்துவதைக் கேட்டாக இருக்கும். காலையில் சாப்பாட்டு அறையில் பாகப்பிரிவினை வழக்கில் எதிரெதிர்க் கட்சி அண்ணன் தம்பிபோல ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொள்கிறோம்.

நாலு மணிக்கே எழுந்து குளித்துவிடலாம் என்று யோசனை செய்தேன். அன்றைக்கு ஓட்டல் முழுக்க அதே யோசனை செய்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் நன்றாக இருக்கும், தண்ணீரும் வரும், அப்போது குளியுங்கள் என்றாள் மனைவி. அப்படியானால் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை போடுகிற இலவசச் சிற்றுண்டியைக் குளிக்காமல் சாப்பிட வேண்டும். பல் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தட்டில் கை வைக்கலாம் என்று வளர்ந்தவன் நான். அதே சமயம், வாடகையோடு சேர்ந்த சிற்றுண்டியை விடுகிறவனும் இல்லை. இந்த இரண்டு கொள்கைக்கும் நடுவில்தான் நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாளி ஞாபகம் வந்தது. ஒரு வாளியும் மக்கும் இருந்தால் தண்ணீர் வருகிறபோது பிடித்து வைத்துவிடலாம், சீழ்க்கைக்காரர் தன் சீழ்க்கையை அடித்துக்கொண்டு போகட்டும். ரிசப்ஷனுக்குப் போனேன். எனக்கு ஸ்பானிஷ் வராது, தம்பிக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். நடித்துக் காட்டினேன். வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவதுபோல. மக்கால் மொண்டு தலையில் ஊற்றுவதுபோல. குளிரில் உடம்பு உதறுவதுபோல. நடிப்பு நன்றாகவே வந்திருக்க வேண்டும். தம்பியின் முகம் மாறியது. வந்த ஆள் தலையைப் பிடித்துக்கொள்கிறான், நடுங்குகிறான், மூச்சு வாங்குகிறது (மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன், வாங்கத்தான் செய்யும்). என்னைச் சோபாவில் உட்கார வைத்தான். கோகா இலை போட்ட சுடுதண்ணீரை ஒரு கோப்பையில் கொண்டுவந்து கையில் திணித்தான். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினான், 84 என்று காட்டியது. இந்த உயரத்தில் புதிதாக வந்தவனுக்கு அது ஒன்றும் பிரமாதமில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நடிப்பைப் பார்த்துவிட்டானே. கவுண்டருக்குப் பின்னாலிருந்து பச்சை நிற சிலிண்டர் உருண்டு வந்தது. மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் மாட்டிவிட்டான்.

மனைவி கீழே வந்தபோது நான் இந்தக் கோலத்தில்தான் இருந்தேன்.

"ஐயையோ, என்னங்க ஆச்சு?"

"வாளி கேட்டேன்" என்றேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அது "வலி கேட்டேன்" என்றோ என்னவோ கேட்டிருக்கிறது. எங்கே வலி, எங்கே வலி என்று அவள் தம்பியைத் தமிழில் உலுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் அறைக்கு வாளி வந்தது. தரை துடைக்கிற வாளி. பக்கவாட்டில் துடைப்பானைப் பிழிகிற சல்லடை, உள்ளே பிளீச்சிங் வாசனை. பெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறை வாடகையில் 18 சதவீத வரி கிடையாது, பாஸ்போர்ட்டையும் குடிவரவுச் சீட்டையும் காட்டினால் போதும். அதில் மிச்சம் பிடித்ததை ஆக்சிஜனுக்குக் கொடுத்தேன்.

சமையலறையில் ஒரு கெட்டில் சுடுதண்ணீர் வாங்கி வாளியில் கலந்து பார்த்தேன். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்த தண்ணீரே குறைந்த சூடு என்றால் மனிதன் எங்கே போவான்?

இந்த மலை ஜனங்கள் வெந்நீரின் அருமை தெரியாதவர்கள் என்று சொன்னால் பாவம். 1532இல் பிசாரோ படையோடு காஹாமார்காவுக்கு வந்தபோது, இன்கா அரசன் அதாவல்பா எங்கே இருந்தான்? ஊருக்கு வெளியே, வெந்நீர் ஊற்றுப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தான். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் படை. பிசாரோ ஆளனுப்பி, ஊர்ச் சதுக்கத்துக்கு வாருங்கள், பார்ப்போம் என்றான். இவனும் வெந்நீரை விட்டுவிட்டு, பல்லக்கில் ஏறிச் சதுக்கத்துக்கு வந்தான். நாலு பக்கமும் ஒளிந்திருந்தவர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். அத்தோடு சாம்ராஜ்யம் போயிற்று. பீரங்கி, குதிரை, அம்மை நோய், அண்ணன் தம்பி சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் என்னென்னவோ காரணம் எழுதுகிறார்கள். ஊருக்கு வெளியே வெந்நீர் வசதியோடு இடம் கிடைத்தவன் எதற்குச் சென்டருக்கு வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார்.

சிற்றுண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வட்ட ரொட்டி, வெண்ணெய், ஜாம், பப்பாளிச் சாறு, முட்டை. காபி என்பது ஒரு சின்னக் கூஜாவில் ஆறிப்போன டிகாஷன். நாமே சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அந்த 88 டிகிரித் தண்ணீரைத்தான். கதீட்ரலில் 18ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சபாத்தா வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. அதில் இயேசுவுக்கு முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது கினிப் பன்றி. சைவக்காரியான என் மனைவி அதைப் பார்த்த நாளிலிருந்து ஓட்டலில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் முள்கரண்டியால் புரட்டிப் பார்க்கிறாள், ஜாம் உட்பட.

சரி, கல். சதுக்கத்திலிருந்து சான் பிளாஸ் மேட்டுக்கு ஏறுகிற வழியில் ஹாத்துன் ரூமியோக் என்று குறுகலான ஒரு தெரு. ஒரு பக்கம் பூராவும் பச்சைச் சாயல் ஓடிய பெரிய பெரிய கற்களால் ஆன சுவர். இன்கா ரோக்கா என்கிற அரசனின் மாளிகைச் சுவர் என்பார்கள். இப்போது அதன் மேல் பேராயர் மாளிகை நிற்கிறது. அந்தச் சுவரின் நடுவில், பன்னிரண்டு மூலைகளோடு ஒரு கல். பக்கத்துக் கற்கள் எல்லாம் அதன் ஒவ்வொரு மூலைக்கும் வளைந்து கொடுத்து வந்து பொருந்தியிருக்கின்றன. கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது என்னவென்றால்...

மனைவி குளியலறையிலிருந்து கத்துகிறாள். வெந்நீர் வருகிறதாம், நிஜமான வெந்நீர், ஆவி பறக்கிறதாம், வாளியை எடுத்துக்கொண்டு ஓடி வரச் சொல்கிறாள். பக்கத்து அறையில் சீழ்க்கை ஆரம்பித்துவிட்டது.